காலை மெதுவா மடக்குங்க பாஸ்!

ஏரோநாட்டிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு வாசகரிடமிருந்து இந்த வாரம் ஒரு கடிதம். நாலு நண்பர்கள் காசு போட்டு ஒரு ரிமோட் கன்ட்ரோல் விமானம் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து ஃபைட்டர் மாடல். பெயின்ட், ஸ்டிக்கர், காக்பிட்டுக்குள் குட்டி பைலட் பொம்மை, எல்லாம் பக்கா. டேக்-ஆஃபும் சூப்பர். எல்லோரும் கை தட்டத் தயாரான நேரத்தில் சக்கரத்தை உள்ளே இழுக்கிற ஸ்விட்சைத் தட்டியிருக்கிறார். டபக்! அரை செகண்டில் ரெண்டு காலும் உள்ளே. பின்னால் நின்ற ஜூனியர் ஒருத்தன், 'தவளை மாதிரி இருக்குண்ணா' என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த விமானத்துக்குப் பெயரே தவளைதானாம். 'காலை மெதுவா மடக்க வழி இருக்கா சார்?' என்று கேட்கிறார்.

இருக்கு. ஆனால் முதலில் அந்த ஜூனியருக்கு ஒரு சல்யூட். பையன் கலாய்த்தது என்னவோ தவளைன்னுதான். சொன்னது பிசிக்ஸ்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் சாவிக் கொத்தைக் கட்டி ஆட்டுங்கள். போய்த் திரும்பி வர 2 செகண்ட் ஆகும். இப்போது நூலை கால் மீட்டராக, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறையுங்கள். 1 செகண்டில் போய் வந்துவிடும். நீளம் நாலில் ஒன்று, நேரம் பாதி. இதுதான் கணக்கு: உருவம் குறைகிற அளவின் வர்க்கமூலம்தான் நேரம் குறைகிற அளவு. 19-ம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஃப்ரூட் என்கிற இங்கிலீஷ்காரர் பெயரில் இந்த சமாசாரம் வழங்குகிறது. பூமி பொம்மைக்கு என்று தனியாகப் புவியீர்ப்பு வைத்திருக்கவில்லை. அதனால் சின்னது எப்போதும் படபடவென்று ஆடும், பெரியது ஆடி அசைந்துதான் வரும். எறும்பு நடப்பதையும் யானை நடப்பதையும் பார்த்துப் பழகிய நம் கண், ஒரு பொருள் எவ்வளவு கனம் என்பதை அது நகர்கிற நேரத்தை வைத்தே எடை போட்டுவிடுகிறது. தராசே வேண்டாம்.

சினிமாக்காரர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். மினியேச்சர் அணையை உடைக்கும்போதும், பொம்மை ரயிலைப் பள்ளத்தில் தள்ளும்போதும் கேமராவை வேகமாக ஓடவிட்டுப் பிடிப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு அளவு மாடல் என்றால், ஐந்தின் வர்க்கமூலம் 2.24. சாதாரண 24 ஃபிரேமுக்கு பதில் சுமார் 54 ஃபிரேமில் எடுத்தால், திரையில் அந்த பொம்மைக்கு கனம் வந்துவிடும். நீங்கள் மைதானத்தில் நிற்கும்போது அந்த வசதி இல்லை. விமானம் எப்படிப் பறந்தாலும் அது காற்றுக்கும் புவியீர்ப்புக்கும் கட்டுப்பட்டது. நீங்கள் வேண்டுமென்றே மெதுவாக்கக்கூடிய சங்கதிகள் ஒன்றிரண்டுதான் உண்டு. அதில் முக்கியமானது சக்கரக் கால். மாடல்காரர்கள் பாஷையில் 'ரிட்ராக்ட்'.

நிஜ விமானத்தில் இது எவ்வளவு சாவகாசமான காரியம் என்பதற்கு என்னுடைய ஃபேவரிட் உதாரணம், 1942-ல் பசிபிக் கடல் மேல் ஜப்பானியர்களோடு மல்லுக்கட்டிய கிரம்மன் வைல்ட்கேட். அமெரிக்கக் கடற்படை விமானம். மோட்டாரும் கிடையாது, ஹைட்ராலிக்கும் கிடையாது. பைலட்டின் வலது கைப் பக்கம் ஒரு கைப்பிடி. அதைக் கிணற்று ராட்டினம் மாதிரி கிட்டத்தட்ட 30 சுற்று சுற்றினால், சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் இழுத்து, சக்கரம் உடம்புக்குள் போகும். வலது கை ராட்டினத்தில் இருக்கும்போது விமானத்தை யார் ஓட்டுவது? இடது கைதான். அதனால் டேக்-ஆஃப் ஆன வைல்ட்கேட் கொஞ்ச நேரத்துக்கு மூக்கை ஆட்டிக்கொண்டு தள்ளாடித்தான் ஏறும். கைப்பிடி நழுவினால் தானாகத் திருப்பிச் சுற்றி மணிக்கட்டைப் பதம் பார்க்கும். அதே கம்பெனி அடுத்துச் செய்த ஹெல்கேட்டில் ஹைட்ராலிக்ஸ் வந்து பைலட்டின் கையைக் காப்பாற்றியது. அப்படிப்பட்ட வைல்ட்கேட்டின் மாடலைச் செய்துவிட்டு அரை செகண்டில் டபக்கென்று மடக்கினால், நியாயமா நீங்களே சொல்லுங்கள்.

சர்வதேச விமான விளையாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஐ. நடத்துகிற ஸ்கேல் மாடல் போட்டிகளில் எஃப்4சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. தரையில் மாடலைப் பார்த்து மார்க் போடுவதோடு, நிஜ விமானம் மாதிரி பறக்கிறதா என்றும் மார்க் போடுவார்கள். பைலட் விரும்பினால் செய்து காட்டக்கூடிய செய்முறைகளில் சக்கரத்தை இறக்கி ஏற்றிக் காட்டுவதும் ஒன்று. ஆக, தவளைக்கு மார்க் குறையும்.

சரி, எப்படி மெதுவாக்குவது? அது உங்கள் காலை எது இழுக்கிறது என்பதைப் பொறுத்தது.

பழைய, விலை குறைந்த வகையில் காலை ஒரு சர்வோ இழுக்கும். சர்வோ என்பது ரிசீவர் சொல்கிற கோணத்துக்குத் திரும்புகிற குட்டி மோட்டார் டப்பா. ரிசீவர் செகண்டுக்கு 50 தடவை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் 1 மில்லிசெகண்ட் என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி, ஒன்றரை என்றால் நடு. ஸ்விட்சைத் தட்டினால் துடிப்பு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. சர்வோவும் தாவுகிறது. தாவலுக்கு பதிலாகத் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் சர்வோ மெதுவாகத் திரும்பும். இப்போதைய கம்ப்யூட்டர் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் 'சர்வோ ஸ்பீட்' என்று ஒரு மெனுவே இருக்கிறது. உங்களுடையதில் இல்லையென்றால், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவில் மாட்டுகிற கட்டை விரல் சைஸ் 'சர்வோ ஸ்லோ' சர்க்யூட் கிடைக்கும்.

இங்கேதான் பல பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மெனுவில் 3 செகண்ட் போட்டாச்சு. ஸ்விட்ச் தட்டியாச்சு. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை செகண்ட் கழித்து... டபக்! அதே தவளை, கொஞ்சம் யோசித்துவிட்டுக் குதிக்கிறது, அவ்வளவுதான். காரணம், கடையில் 'ரிட்ராக்ட் சர்வோ' என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். அதற்கு நடுக்கோணமே தெரியாது. துடிப்பு பாதியைத் தாண்டியதா, மறு கோடிக்கு ஓடு, அதுதான் அதன் ஒரே புத்தி. அதனிடம் 'மெதுவா போ' என்று சொல்வது லைட் ஸ்விட்சிடம் 'பாதி எரி' என்று சொல்வது மாதிரி. உங்களுக்கு வேண்டியது சாதாரண, கோணம் தெரிந்த சர்வோ. ஆனால் அது 180 டிகிரி திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏன் 180? பழைய நீராவி ரயில் எஞ்சினின் சக்கரத்தையும் அதோடு சேர்ந்த நீளத் தண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் அரைச் சுற்று சுற்றும்போது தண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். இரண்டு கோடியிலும் சக்கரம் திரும்பினாலும் தண்டு அநேகமாக நகராது. நடுவில்தான் வேகம். இந்த அமைப்பு காலுக்குக் கிடைத்தால் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மெதுவாகப் போய் நிற்கும். நிஜ விமானம் மாதிரியே. தவிர, கோடியில் தண்டும் சர்வோவின் கையும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதால், சக்கரத்தைத் தரை எவ்வளவு முட்டினாலும் சர்வோவைத் திருப்ப முடியாது. இலவச இணைப்பாக ஒரு பூட்டு.

இந்தப் பூட்டுதான் உயிர்நாடி. அளவு ஒரு மில்லிமீட்டர் குறைந்து, கால் கோடி வரை போகாமல் நின்றுவிட்டால் மொத்த எடையும் சர்வோவின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் உட்காரும். பல் போனால் அது சின்ன நஷ்டம். பல் போகாமல் சர்வோ முக்கிக்கொண்டே நின்றால்தான் ஆபத்து. முக்குகிற சர்வோ கரண்ட்டை மடமடவென்று குடிக்கும். அதே பேட்டரியில்தான் உங்கள் ரிசீவரும் ஓடுகிறது. வோல்டேஜ் சரிந்தால் ரிசீவர் மயங்கும். அப்புறம் மேலே பறப்பது உங்கள் விமானம் அல்ல, யார் தலையில் வேண்டுமானாலும் இறங்கக்கூடிய மூன்று கிலோ சாமான். அதனால், சர்வோ மெதுவாகப் போகும்போது காதை வைத்துக் கேளுங்கள். கோடியில் 'ம்ம்ம்' என்று முனகினால் அளவு தப்பு.

அடுத்து, காற்றில் இயங்குகிற ரகம். பெரிய மாடல் செய்கிறவர்களின் செல்லம் இதுதான். எனக்கும் இதன் மேல்தான் காதல், ஏனென்றால் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. விமானத்துக்குள் சின்ன டாங்க். பறப்பதற்கு முன் பம்ப்பால் சுமார் 100 பி.எஸ்.ஐ. வரை அடிக்க வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஒரு வால்வு அந்தக் காற்றை சிலிண்டரின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பும். ஒரு பக்கம் நுழைந்தால் கால் மேலே, மறு பக்கம் நுழைந்தால் கீழே. எதிர்ப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த காற்று வால்வு வழியாக வெளியேறும். 'புஸ்' என்று ஒரு சத்தம். அது ரொம்ப அழகான சத்தம்!

மெதுவாக்கக் குழாயை நெருக்க வேண்டும். எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை, உள்ளே போகிற காற்றை நெருக்குவது. செய்து பாருங்கள். கால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். திடீரென்று ஒரு குதி. மறுபடி நிற்கும். மறுபடி குதி. காற்று ஸ்ப்ரிங் மாதிரி அமுங்கக்கூடியது என்பதுதான் பிரச்னை. ஒரு பீரோவை நேராகத் தள்ளாமல் நடுவில் ஒரு பெரிய ஸ்ப்ரிங் வைத்துத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங் அமுங்கும், அமுங்கும், பீரோ அசையாது. உராய்வைத் தாண்டியதும் மொத்தமாகப் பாயும். சிலிண்டருக்குள் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு இதே சேட்டையைத்தான் செய்கிறது.

சரியான இடம் வெளியேறுகிற வழி. உள்ளே தாராளமாக விடுங்கள், வெளியே போவதை நெருக்குங்கள். அப்போது பிஸ்டனுக்கு முன்னாலும் காற்றழுத்தம், பின்னாலும் காற்றழுத்தம். இரண்டு தலையணைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி நைஸாக நகரும். மெக்கானிக்கல் மாணவர்களே, ஹைட்ராலிக்ஸ் அண்ட் நியூமாடிக்ஸ் பேப்பரில் 'மீட்டர்-இன், மீட்டர்-அவுட்' என்று ரெண்டு சர்க்யூட் மனப்பாடம் பண்ணினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அது இதுதான். அஞ்சு மார்க்குக்கு எழுதியதோடு சரி, எதற்கு என்று யாராவது சொன்னார்களா?

வால்வின் வெளியேற்றத் துளையில் ஒரே ஒரு நெருக்கி போட்டால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி மெதுவாகும். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேலை அல்ல. இறக்கையின் ஓரத்தை நோக்கிப் படுக்கிற ஒரு காலை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகத் தொங்கும்போது தூக்கச் சிரமமே இல்லை. படுக்கப் படுக்கத்தான் எடை கூடும். முழுக்கப் படுத்த நிலையில், மூட வேண்டிய கடைசி நொடியில், சிரமம் உச்சம். கையை நீட்டிக் குடத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இறங்கும்போது தலைகீழ். படுத்த நிலையில் புவியீர்ப்பு முழு பலத்தோடு பிடித்து இழுக்கும், வேகம் ஏறிக்கொண்டே வந்து கடைசியில் 'டொக்' என்று அடிக்கும். அந்த அடியில்தான் பின் வளைகிறது, மரத்தில் ஒட்டிய பிளேட் பிய்கிறது. எனவே ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாக, ஒரு திசையில் தாராளமாக விட்டு மறு திசையில் மட்டும் நெருக்குகிற வால்வு போட்டு, தனித்தனியாகத் திருகி வைப்பது உத்தமம்.

இன்னொரு சூட்சுமம். ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும்போது அழகாக மடங்குகிற கால், மேலே போனதும் பாதியில் நிற்கும். பயந்து வால்வை மாற்றாதீர்கள். திரும்பும்போது ஸ்விட்சைத் தட்டினீர்களா என்று யோசியுங்கள். கூர்மையான திருப்பத்தில் விமானத்தில் இருக்கிற எல்லாமே இரண்டு மடங்கு கனக்கும், கால் உட்பட. நெருக்கி நெருக்கி மெதுவாக்கிய காலுக்கு அந்த உபரி பலம் இருக்காது. நேராகப் பறக்கும்போது மட்டும் மடக்குங்கள்.

மூன்றாவது ரகம் 2010-க்குப் பின் சந்தையை அள்ளிக்கொண்டது. காலின் மூட்டிலேயே குட்டி மோட்டார், அது திருப்புகிற ஒரு ஸ்க்ரூ. டாங்க் இல்லை, லீக் இல்லை, தண்டு இல்லை. ஸ்க்ரூ என்பதால் தானாகவே மெதுவாகத்தான் போகும், எந்த இடத்தில் நின்றாலும் பூட்டிக்கொள்ளும். நம் கடித வாசகர் அடுத்த விமானத்துக்கு இதைத்தான் வாங்கப்போகிறார், பந்தயம் கட்டுகிறேன். இதையும் இன்னும் மெதுவாக்க ஆசைப்படுகிறவர்கள், தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற வோல்டேஜ் எல்லைக்குள் குறைந்த பக்கத்தில் ஓட்டலாம், அல்லது வேகத்தை மாற்றுகிற வசதி உள்ள கன்ட்ரோலர் போடலாம். ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் நண்பன் சொன்னான் என்று வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகாதீர்கள். இதில் பல யூனிட்டுகள், கால் கோடிக்குப் போய் முட்டியதைக் கரண்ட் ஏறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. ரெசிஸ்டர் கரண்ட்டை அடக்கிவிட்டால் முட்டியதே அதற்குத் தெரியாது. மோட்டார் சூடாகிச் சூடாகி, கடைசியில் புகை வரும். தவளை போய் ஊதுபத்தி வந்த கதை.

சக்கரத்துக்குக் கதவு வைத்த மாடலாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. முதலில் கதவு திறக்க வேண்டும், பிறகு கால் வர வேண்டும், பிறகு கதவு மூட வேண்டும். காலை 1 செகண்டிலிருந்து 5 செகண்டுக்கு மாற்றிவிட்டுக் கதவின் டைமிங்கை மாற்றாமல் விட்டால், பாதி வந்த காலின் மேல் கதவு வந்து கடிக்கும். பஸ் கதவில் மாட்டிய துப்பட்டா மாதிரி. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும்.

கடைசியாக, எத்தனை செகண்ட்? இதில் மாடல்காரர்களுக்குள் இரண்டு கட்சி. நிஜத்தில் 10 செகண்ட் என்றால் மாடலிலும் 10 செகண்ட்தான் என்பது ஒரு கட்சி. ஃப்ரூட் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு மாடலுக்கு 4.5 செகண்ட் போதும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. விமானம் முழுதும் பொம்மை வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போது கால் மட்டும் நிஜ நேரத்தில் மடங்கினால், ஏதோ பேட்டரி தீர்ந்துபோன மாதிரி இருக்கும். தவிர, ஏறும்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. இறங்கும்போது சில சமயம் இருக்காது. எஞ்சின் பாதி உயரத்தில் நின்றுவிட்டால் தரைக்கு வர எத்தனை செகண்ட் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதில் 10 செகண்டைக் காலுக்கே கொடுத்துவிட்டால் மீதி என்ன? எனவே ஏறுவதற்கு 4, 5 செகண்ட் வைத்து அழகு பாருங்கள். இறங்குவதற்கு 2, 3 செகண்ட், 'டொக்' என்று அடிக்காத அளவுக்கு, போதும்.

பறப்பதற்கு முன் ஸ்டாண்டில் வைத்துப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். காற்று ரகமாக இருந்தால் ஒரு தடவை டாங்க்கை நிரப்பினால் எத்தனை முறை முழுசாகப் பூட்டுகிறது என்று எண்ணி, பேப்பரில் எழுதி வையுங்கள். நிரப்பி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் எவ்வளவு பாக்கி என்றும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். மடங்கக் கூடாது. இறக்குவதற்கு முன் ஒரு தடவை தாழ்வாக, உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டி, பக்கத்தில் நிற்கிற நண்பனை 'ரெண்டு காலும் முழுசா இருக்கா?' என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் ஒரு கால் இறங்கி, ஒரு கால் பாதியில் நின்றுவிட்டதா? பதறாதீர்கள். இறங்கிய காலையும் மேலே ஏற்றிவிடுங்கள். பாதிக் கால் புல்லில் மாட்டினால் விமானம் குட்டிக்கரணம் அடித்து இறக்கை போகும். ரெண்டும் உள்ளே இருந்தால் எஞ்சினை அணைத்து, ரன்வேயை விட்டுவிட்டு, பக்கத்துப் புல்தரையில் வயிற்றால் வழுக்கி இறக்கிவிடலாம். பெரும்பாலும் ஒரு ப்ரொபெல்லரும் கொஞ்சம் பெயின்ட்டும்தான் செலவு.